மீனுக்குக் கொடுத்த மரியாதை

"சாப்பிட்டீங்களா?"

வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். ஒரு கால் பூட்ஸுக்குள், ஒரு கால் படியில். உள்ளே கேட்டது அவன் மனைவியின் குரல். அதில் சந்தேகமில்லை. அந்த 'ங்க' யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவனுக்கு அவள் ஒரு 'ங்க' கொடுத்ததில்லை. வாய்யா, போய்யா, இந்தாய்யா துண்டு, எங்கய்யா தொலைஞ்சே. அதில் அவனுக்குக் குறையும் கிடையாது. நாளெல்லாம் ஏரியில் பாசி வாரிவிட்டு வருகிறவனுக்கு அந்த 'வாய்யா' காதில் விழுந்தாலே இடுப்புவலி பாதி இறங்கிவிடும்.

"நல்லாச் சாப்பிடுங்க. இந்த வீட்டுல உங்களுக்குப் போகத்தானே மத்தவங்களுக்கு."

ஒற்றைப் பூட்ஸோடு உள்ளே பாய்ந்தான். ஒரு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு திரை. ஆள் ஒளிந்துகொள்ள வசதியில்லாத வீடு. இருந்தாலும் திரைக்குப் பின்னால் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். தையல் மிஷினுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தான்.

"என்னய்யா தேடுறே?"

"யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தே?"

"இவங்ககிட்டத்தான்."

அவள் கையிலிருந்த தீனி டப்பாவால் கண்ணாடித் தொட்டியைக் காட்டினாள். உள்ளே மீன் மட்டும் இருந்தது. கறுப்பு உடம்பு, அதில் ஆரஞ்சுத் திட்டுகள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய கண்கள். அது அவனைப் பார்த்து ஒருமுறை வாயைத் திறந்து மூடியது.

"பூட்ஸைக் கழட்டிட்டு வாய்யா. தரையெல்லாம் சேறு."

மீனுக்கு 'ங்க'. அவனுக்கு சேறு.

அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். அதை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

ஊருக்குள் அவனை 'ஏரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியில் வேலை பார்க்கத் தொடங்கிப் பதினெட்டு வருஷம். தட்டைப் படகில் போய் பாசி வாருவது, கரையில் குப்பை பொறுக்குவது, கேட்டைத் திறந்து மூடுவது எல்லாம் அவன் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான், தொட்டிக் கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்கிற மீன் நாலைந்தை ஏரியில் விட்டுவிட்டுப் போனான். விட்டது நாலைந்து. இப்போது வலை போட்டால் பாதி வலை அதுதான். ஓடு மாதிரித் தோல், முள் மாதிரித் துடுப்பு. வலையைக் கிழிக்கும், கரையில் வளை தோண்டும், யாரும் தின்னவும் மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கேட்டில் போர்டு வைத்தார்கள். எழுதியவன் ஏரிதான். நாற்பது வயதுக்கு மேல் மனைவியிடம் எழுத்துப் படித்தவன் அவன். அவள் தையல் சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்ட, அவன் பலகையில் பெயின்ட் அடித்தான். அவன் முதலில் 'மீன் விடாதே' என்றுதான் எழுதப் போனான். அவள் விடவில்லை.

"விடாதீர்கள்னு போடுய்யா."

"திருட்டுத்தனமா விடுறவனுக்கு என்ன மரியாதை?"

"திட்டுறதா இருந்தாலும் மரியாதையாத் திட்டணும். அப்பத்தான் சுருக்குன்னு தைக்கும்."

'வளர்ப்பு மீன்களை ஏரியில் விடாதீர்கள்.' வரி கொஞ்சம் ஏறி இறங்கியிருந்தாலும், போகும்போதும் வரும்போதும் அதை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படிக்காமல் அவன் தாண்டியதில்லை.

அந்தப் போர்டுக்குக் கீழேயே ஒரு நாள் ஒருவர் காரை நிறுத்தி, வாளியோடு இறங்கினார். வாளியில் இந்த மீன்.

"வீடு மாத்துறோம். புது வீட்டுல இதுக்கு இடமில்ல. பாவம், ஏரியில சுதந்திரமா இருக்கட்டும்."

"அது இருக்கும் சார். மத்த மீனுங்கதான் இருக்காது."

பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவர் வாளியையும், காரிலிருந்த கண்ணாடித் தொட்டியையும் கேட்டருகே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். மேஸ்திரி அன்று லீவு. கேட்பதற்கு ஆளில்லை. ஏரியில் விட மனசில்லை, கொல்லவும் கை வரவில்லை. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

தொட்டியை ஜன்னலோரம் வைத்து, தண்ணீர் ஊற்றி, மீனை விட்டதும் அவன் வாய் பிளந்து உட்கார்ந்துவிட்டான். பதினெட்டு வருஷமாக மீனை மேலிருந்துதான் பார்த்திருக்கிறான். முதுகு தெரியும், வால் தெரியும், அவ்வளவுதான். பக்கவாட்டில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"என்ன அழகு பாரேன்," என்றான் மனைவியிடம். "அந்த ஆரஞ்சைப் பாரு. அந்தக் கண்ணைப் பாரு."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். மீனைக் கொஞ்ச நேரம், அவனைக் கொஞ்ச நேரம்.

"அழகாத்தான் இருக்காங்க," என்றாள்.

அன்றைக்கு அந்த 'ங்க' அவன் காதில் ஏறவில்லை. இப்போது ஏறியது ஏறியதுதான். இறங்கவே இல்லை.

மறுநாள் வளர்ப்பு மீன் கடைக்குத் தீனி வாங்கப் போனான். மீன் கடைக்காரர் அடையாளம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"ஆஸ்கர். எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற ஆத்து மீனு. வாய்க்குள்ள போறது எதுவா இருந்தாலும் முழுங்கிடும். ஆனா புத்திசாலி. ஆளை அடையாளம் வச்சுக்கும்."

ஆஸ்கர். பெயரிலேயே ஒரு மீசை இருப்பது போல ஏரிக்குப் பட்டது.

"இது ஆணா, பொண்ணா?"

"வெளியே இருந்து பார்த்தா தெரியாது. முட்டை போட்டாத்தான் தெரியும்." கடைக்காரர் சிரித்தார். "நேத்து உங்க வீட்டம்மாவும் வந்து இதையேதான் கேட்டாங்க."

ஆணா பெண்ணா என்று இவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

அன்று சாயங்காலமே முடிவு செய்தான். இரண்டு பேரையும் பேசவிடக் கூடாது. வேலை முடிந்து வந்ததும் முக்காலியை இழுத்து, தொட்டிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தான். முதுகு மீனுக்கு, முகம் மனைவிக்கு. ஆனால் முதுகை யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது போல அரித்தது. திரும்பி மீனை முறைத்தான். அதுவும் முறைத்தது. யார் முதலில் கண்ணை மூடுகிறார்கள் பார்ப்போம் என்று உட்கார்ந்தான். முதல் நாள் தோற்றான். இரண்டாம் நாளும் தோற்றான். மீனுக்கு இமையே கிடையாது என்பது மூன்றாம் நாள்தான் அவனுக்கு உறைத்தது.

அவன் முறைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பின்னால் தையல் மிஷின் நின்று நின்று ஓடியது.

"டீ ஆறுதுய்யா."

"ஆறட்டும்."

"ரெண்டு மணி நேரமா அவங்களையேதான் பார்க்கிறே."

"ஏன், நான் பார்க்கக் கூடாதா?"

"பாரு பாரு. நல்லாப் பாரு. யாரு வேணாம்னா?"

மிஷின் தடதடவென்று ஓடியது. ஊசி உடைந்தது. அவள் புது ஊசி கோத்தாள். மீனைப் பார்க்கவிடாமல் மறைத்ததற்கே இவ்வளவு கோபமா என்று அவன் முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டான்.

சரி, பேச்சுக்கு வழியே தீனிதானே, அதைப் பிடுங்கிவிடலாம் என்று தீனி போடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். டப்பா மூடியை இரண்டு தட்டுத் தட்டுவான். டொக், டொக். உள்ளங்கையில் தீனியை வைத்துத் தண்ணீருக்குள் நீட்டுவான். நாலாம் நாளே மீன் அவன் கையில் ஏறிவந்து தின்றது. ஐந்தாம் நாள், அவன் படியேறும் சத்தம் கேட்டதுமே தொட்டிக்குள் குதியாட்டம் போட்டுத் தண்ணீரைத் தரையில் தெளித்தது.

மனைவி துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உன் கால் சத்தம் கேட்டாலே துள்ளுறாங்க. முதல்ல எத்தனை நாள் நான் கையால போட்டிருப்பேன். என்னைப் பார்த்து ஒரு தடவை துள்ளியிருப்பாங்களா?"

அவள் குரல் உடைந்திருந்தது. மீன் தன்னை மறந்துவிட்டதே என்று இவளுக்கு இவ்வளவு வருத்தம். ஏரி தீனி டப்பாவை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தான்.

அடுத்த வாரம் நடந்ததை அவனால் தாங்க முடியவில்லை. ஏரியிலிருந்து வருகிறான், அவள் புதுத் துணியில் நிற்கிறாள். தானே தைத்தது. கறுப்புத் துணி. அதில் அங்கங்கே ஆரஞ்சுத் திட்டு. தலை வாரி, பவுடர் போட்டு, தொட்டிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆஸ்கர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படிய்யா இருக்கு?"

"யாருக்காக இதெல்லாம்?"

"யாருக்காகவா?" அவள் சீப்பைக் கீழே வைத்தாள். "யாருக்காக உடுத்தி என்ன. இந்த வீட்டுல யாருக்குக் கண்ணு இருக்கு?"

ஏரி மீனைப் பார்த்தான். யாருக்குக் கண் இருக்கிறது என்பது நன்றாகவே தெரிந்தது. உருண்டு உருண்டு தெரிந்தது.

அன்று அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். பேசியது அவள் தங்கையிடம். அந்தக் கொழுந்தியா பஸ்ஸில் கண்டக்டர். படியில் தொங்குகிறவர்கள் அவள் விசில் சத்தத்துக்கே உள்ளே ஏறிவிடுவார்கள். தினமும் வண்டி ஷெட்டுக்குப் போனதும் அக்காளுக்குப் போன் செய்வாள். முன்பெல்லாம் மனைவி மிஷினில் உட்கார்ந்தபடியேதான் பேசுவாள். இப்போது வாசலுக்குப் போய், கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள். "அவங்க", "அவங்க" என்பது மட்டும் அவன் காதில் விழுந்தது. ஊர் ஊராக அதன் புகழ் பரவுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் டீ நேரத்தில் மேஸ்திரி கேட்டார். "என்ன ஏரி, மூஞ்சி ஏன் வத்திப்போய் கிடக்கு?"

"வீட்ல ஒரு தொந்தரவுங்க."

"என்ன தொந்தரவு?"

மீனிடம் பொறாமைப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஒருத்தன் வந்து தங்கியிருக்கான்," என்றான்.

"சொந்தக்காரனா?"

"இல்லைங்க. வெளியிலேருந்து வந்தவன்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமாச்சு."

"வேலை வெட்டி ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது. நாள் பூரா என் பொண்டாட்டியையே பார்த்துக்கிட்டிருக்கான்."

மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீ என்ன பண்றே?"

"நான் தீனி போடுறேன்."

"தீனி வேற போடுறியா?"

"ஆமாங்க. கையால."

மேஸ்திரி நெருங்கி உட்கார்ந்தார். "படுக்கை எங்க?"

"படுக்கிறதே இல்லைங்க. கண்ணையே மூட மாட்டான். அவ அவனை வாங்க போங்கன்னு கூப்பிடுறா. என்னை வாய்யா போய்யாதான்."

"ஏரி, நீ மனுஷன்தானா? கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவியா..."

அவனுக்குக் கழுத்தே கிடையாது என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டான். "எங்கங்க தள்ளுறது?"

"எங்கேருந்து வந்தானோ அங்கேயே தள்ளு."

அந்த வார்த்தை அவனுக்குள் தங்கிவிட்டது. மறுநாள் காலை மனைவி தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தாள். ஏரி டப்பா மூடியை டொக் டொக்கென்று தட்டினான். மீன் கையில் ஏறியது. அப்படியே வாளிக்கு மாற்றி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, கேட்டுக்கு வந்தான்.

போர்டு நின்றது. 'வளர்ப்பு மீன்களை ஏரியில் விடாதீர்கள்.' இதைக் காட்டி அவன் சட்டம் பேசித் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர். எழுத்தெல்லாம் அவனையே பார்ப்பது போல இருந்தது. சுற்றிக்கொண்டு போர்டின் பின்பக்கம் போனான். பின்பக்கத்தில் எழுத்து இல்லை. அங்கே நின்று வாளியை ஏரிக்குள் சாய்த்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளே கேட்டாள். "தொட்டி காலியா இருக்கே. அவங்க எங்க?"

"செத்துப்போச்சு."

"செத்துட்டாங்களா?"

"காலையில நீ போனதும். மிதந்துச்சு. கொண்டு போய்ப் புதைச்சிட்டேன்."

"நல்லாப் பார்த்தியா? நிஜமாவே செத்துட்டாங்களா?"

"நிஜமாத்தான்."

அவள் திரைக்குப் பின்னால் போனாள். ஏரி எட்டிப் பார்த்தான். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. பார்க்க முடியாமல் அவன் தலையை இழுத்துக்கொண்டான்.

பிறகு அவள் தொட்டியைச் சோப்புப் போட்டு ஒன்றுக்கு இரண்டு முறை கழுவிக் கவிழ்த்தாள். கழுவும்போது மூக்கால் ஏதோ முனகிக்கொண்டே இருந்தாள். துக்கம் முற்றிப்போனால் முனகத்தான் செய்வார்கள் என்று நினைத்தான். அன்று சாப்பாட்டில் அவனுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. அந்தக் கறுப்பும் ஆரஞ்சுமான துணியையே உடுத்தியிருந்தாள். செத்தவன் ஞாபகமாக.

"மனசை விடாதேய்யா," என்றாள். "போனவங்க போயிட்டாங்க. இருக்கிறவங்களைப் பார்ப்போம்."

அவளே இத்தனை துக்கத்தில் இருந்துகொண்டு தனக்கு ஆறுதல் சொல்கிறாள். அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கவிழ்த்து வைத்த தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் முகம் மெல்லச் சுருங்கியது.

இரண்டு நாள் கழித்து ஏரியிலும் தொந்தரவு தொடங்கியது. படித்துறைப் பக்கம் எப்போதும் புகைபோல மொய்க்கும் பொடிமீன்கள் காணாமல் போயின. கெண்டைக் குஞ்சுகள் நாணலுக்குள் ஒதுங்கிக்கொண்டன. அவனுக்குக் காரணம் தெரியும். தூக்கம் போனது. வீட்டுக்கு வந்தாலும் காலித் தொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பெருமூச்சு ஒன்றுக்கு அவளும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"செத்தும் விட மாட்டேங்கிறாங்களே," என்று ஒரு நாள் மிஷினைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீ தொட்டியைப் பாரு."

பிடித்த சாப்பாடு நின்றது. முனகல் நின்றது. புதுத் துணி மடித்து உள்ளே போனது. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறவள், வரும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாளுக்கு நாள் அவள் இளைத்துக்கொண்டு வருவது அவன் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு மீனுக்காகவா என்று ஒரு பக்கம் எரிந்தது. நாம்தானே கெடுத்தோம் என்று இன்னொரு பக்கம் சுட்டது.

திங்கட்கிழமை மேஸ்திரி படகில் ஏறினார்.

"உன் வீட்டு விருந்தாளி போயிட்டானா?"

"போயிட்டாங்க."

"எங்கே போனான்?"

"பக்கத்துலதாங்க."

பேச்சை மாற்ற அவசரமாகக் கோலை ஊன்றினான். கோல் படகில் இடித்தது. டொக், டொக்.

தண்ணீரில் ஓர் ஆரஞ்சுத் திட்டு எழும்பியது. படகின் பக்கமாக வந்து, தலையைத் தூக்கி, வாயைத் திறந்து அவனைப் பார்த்தது. ஏரி வானத்தைப் பார்த்தான்.

"இதென்னய்யா, வளர்ப்பு மீனு," என்றார் மேஸ்திரி. "எவன் விட்டான்? கேட்டுல நீதானே இருக்கே?"

"நான் பார்க்கலைங்க." அதில் பொய்யில்லை. போர்டின் பின்பக்கம் நின்றால் முன்னால் இருக்கிற எதுவும் தெரியாது.

"உன்னைத் தெரிஞ்ச மாதிரி பார்க்குதே."

"எல்லாரையும் அப்படித்தாங்க பார்க்கும். இமை கிடையாது."

"வெள்ளிக்கிழமை ஆபீசர் வலை போட்டு மீன் வகை எண்ணப் போறாரு. இது மட்டும் வலையில வந்துச்சுன்னா, போர்டு எழுதினவனே கேட்டுல தூங்கிட்டான்னு உன் வேலைக்குத்தான் வேட்டு. வியாழக்கிழமைக்குள்ள பிடிச்சுக் கொன்னு புதைச்சிடு."

செவ்வாய்க்கிழமை வலை போட்டான். ஓட்டு மீன்கள் வந்தன, வலை கிழிந்தது. ஆஸ்கர் வரவில்லை. புதன்கிழமை தூண்டில் போட்டான். தூண்டிலுக்கு நாலடி தள்ளி நின்று அது வேடிக்கை பார்த்தது. வலையோ தூண்டிலோ கையில் இருந்தால் கிட்டே வராது. வெறும் கையோடு கோலைத் தட்டினால் ஓடி வரும். வேலை மிச்சம் இரண்டே நாள். வீட்டிலிருந்த தீனி டப்பாவை மனைவி எப்போதோ தூக்கிப் போட்டிருந்தாள். மீன் கடைக்கு ஓடினான்.

"தீனியா?" கடைக்காரர் புருவத்தைத் தூக்கினார். "செத்துப்போச்சுன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே. வந்து சொல்லிட்டு, காலித் தொட்டியை வாங்கிக்குவீங்களான்னும்..."

"தெரியும். அவ அழுதிருப்பா. டப்பாவைக் கொடுங்க."

"அழுதாங்களா?" என்று கடைக்காரர் யோசிப்பதற்குள் அவன் தெருமுனை தாண்டிவிட்டான்.

வியாழக்கிழமை காலை படித்துறையில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றான். டப்பா மூடியை இரண்டு தட்டு. உள்ளங்கையில் தீனி. நாணல் பக்கமிருந்து ஆரஞ்சுத் திட்டு நேராக வந்தது. பத்து நாளில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் அவன் கையில் ஏறிப் படுத்துக்கொண்டு தின்றது.

வாளிக்குள் விட்டான். மண்வெட்டியை எடுத்தான். குழியும் தோண்டினான். குழியைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். வாளிக்குள்ளிருந்து ஒரு கண் அவனைப் பார்த்தது. அந்தக் கண்ணை அவனுக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் இளைத்துக்கொண்டே போகிற ஒருத்தி இந்தக் கண்ணுக்காகத்தானே இளைக்கிறாள். அவள் எழுதக் கற்றுக்கொடுத்த கை இது. பத்து நாளாக அந்த வீட்டில் ஒரு 'வாய்யா' ஒழுங்காக விழவில்லை. தனக்கு இல்லாத 'ங்க' அதற்குப் போகட்டும். தனக்குரிய 'வாய்யா' திரும்பி வந்தால் போதும்.

குழியை மூடினான். மேஸ்திரியிடம் அரை நாள் லீவு சொன்னான்.

வாளியோடு நடக்கும்போது பழக்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் இனிமேல் அதுதானே மரியாதை. தெருவில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, குனிந்து வாளியிடம் சொன்னான்.

"வாங்க. வீட்டுக்குப் போகலாங்க."

நாக்கு இரண்டு இடத்தில் சுளுக்கியது. ஆனாலும் சொல்லிவிட்டான்.

வீட்டு வாசலில் புதிதாக ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே கொழுந்தியா உட்கார்ந்திருந்தாள். டூட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். யூனிஃபார்ம் மாற்றவில்லை, கழுத்தில் விசில் தொங்கியது. மனைவி மிஷின்மேல் தலை சாய்த்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வாங்க மாமா," என்றாள் கொழுந்தியா. சீட்டு எடுக்காமல் வந்தவனை இறக்கிவிடும் முன் கூப்பிடுகிற குரல். "உங்களைப் பார்க்கத்தான் பாதி டூட்டியில லீவு போட்டுட்டு வந்தேன். அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா."

"சொல்லிட்டாளா?" ஏரிக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. "நல்லதாப் போச்சு. நீயும் இருக்கும்போதே சொல்லிடுறேன். தப்பு என்மேலதான். அவங்க சாகல."

மனைவி தலையைத் தூக்கினாள்.

"பொய் சொன்னேன்," என்றான் ஏரி. "அவங்களை ஏரிப் பக்கம்தான் வச்சிருந்தேன். தினமும் பார்த்துக்கிட்டும் இருந்தேன். ஆனா உன் மூஞ்சியைப் பார்க்க முடியல. அதான், கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டேன். இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மூணு பேரும் ஒண்ணா இருப்போம்."

சொல்லி முடித்துவிட்டு மனைவியின் முகம் மலரக் காத்திருந்தான். மனைவி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகிழ்ச்சி தாங்கவில்லை போலிருக்கிறது.

கொழுந்தியா மெதுவாக எழுந்தாள். ஒரு கை விசிலைப் பிடித்திருந்தது. அவனைத் தாண்டி வாசலுக்குப் போய்த் தெருவை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். தெரு காலி. திரும்பி வந்தாள்.

"எங்க மாமா அவங்க?"

"இதோ," என்று ஏரி வாளியை முன்னால் நகர்த்தி, ஈரச் சாக்கைப் பக்குவமாக விலக்கினான். "வாங்க, தலையைக் காட்டுங்க."

ஆஸ்கர் தலையைக் காட்டியது. கொழுந்தியா குனிந்து அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. அவள் விசிலைக் கையிலிருந்து விட்டுவிட்டு அக்காள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்க்கா, ஒரு மாசமா போன்ல சக்களத்தி சக்களத்தின்னு சொல்லிச் சொல்லி அழுதியே, அவங்க இவங்கதானா?"